பின்வீட்டுக்கு வந்த வீட்டுக்காரம்மா

குழாயில் தண்ணீர் வந்த நாள் அது. தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரும் வேறு எதையும் பார்க்க மாட்டோம். பாதிக் குடம் நிறைந்திருக்கும்போது போன் வந்தது. லூர்து அக்காவின் மகன், கோயம்புத்தூரிலிருந்து.

"அக்கா, அம்மா போயிட்டாங்க" என்றார். "எங்க கொண்டாந்து வைக்கிறதுன்னு தெரியல. இங்க அபார்ட்மெண்ட்ல விடமாட்டேங்கிறாங்க. அங்க அம்மா இருந்த முன்வீட்டுல இப்ப குடியிருக்கிற பொண்ணு மாசமா இருக்கு. நேரா கோயிலுக்கு வந்து, அப்படியே கல்லறைக்குக் கொண்டுபோயிரலாம்னு பாக்குறோம்."

"செத்த பொறுங்க தம்பி, தண்ணி பிடிச்சிட்டுக் கூப்புடுறேன்" என்றேன். அப்படித்தான் என் வாயில் வந்தது. மீதிக் குடங்களையும் பிடித்து உள்ளே வைத்தேன்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வாசிக்க எழுதித் தரும்படி, தெருவில் கூடி ஜெபம் சொல்லும் அன்பியத்துக்காரர்கள் கேட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டில் நின்றபடி தெருவையே அதட்டுகிறவர். அவருடைய காம்பவுண்டில் பின்வீட்டில் குடியிருப்பவள் நான்.

என் கணவருக்குக் கிட்னி கெட்டுப்போனபோது, எங்கள் ஊர் அகரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாமல் திண்டுக்கல்லுக்குள் வீடு தேடினோம். போன இடத்திலெல்லாம் முதலில் அவரைத்தான் பார்த்தார்கள். கால் வீங்கி, முகம் கறுத்திருக்கும். "இப்பத்தான் ஒருத்தர்ட்ட அட்வான்ஸ் வாங்குனோம்" என்பார்கள். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கும். வாடகை வீட்டில் சாவு விழுந்தால் அடுத்து யாரும் குடிவர மாட்டார்கள் என்ற பயம். அவர்களைக் குறை சொல்லவில்லை.

லூர்து அக்காவும் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் கேட்டது வேறு.

"ஆணி அடிப்பீகளா?"

"இல்லக்கா."

"காலண்டர் மாட்ட?"

"மாட்ட மாட்டோம்க்கா."

"அப்ப தேதி எப்புடித் தெரியும்?"

"உங்க வீட்டுல வந்து பாத்துக்கிறோம்" என்றார் என் கணவர். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை எடுத்து வந்து கொடுத்தார்.

அடுத்த வருசமே என் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். "வாடகை வீடு மதினி, எதுக்கு வம்பு? நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருவோம்" என்றார் கொழுந்தனார். நானும் தலையாட்டினேன். அக்காவுக்குத் தகவல் சொல்ல மட்டும்தான் போன் பண்ணினேன். "எப்ப கொண்டு வாரீக?" என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். "ஏன், வீடு இடிஞ்சா போச்சு? கொண்டா இங்க" என்று வைத்துவிட்டார்.

வண்டி வந்தபோது கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், "பொணத்த வச்சா பெறகு ஒருத்தனும் குடிவர மாட்டான்க்கா" என்றார்.

"மாசாமாசம் அவகிட்ட வாடகை வாங்குறேன்ல? உசுரோட இருக்குறப்ப அது அவ வீடு, செத்தா மட்டும் என் வீடா? வழிய விடுங்கய்யா."

காரியமெல்லாம் முடிந்தபின் என் கணவர் படத்தைச் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தேன். அக்கா ஒரு சுத்தியலும் ஆணியுமாக வந்தார்.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னீகளேக்கா."

"பெறகு? தலையில தூக்கி வச்சுக்கிட்டுத் திரியப் போறியா?"

அவரே அடித்தார். காரை பெயர்ந்து விழுந்தது. "பாரு, உன்னால என் சுவரு போச்சு" என்று அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

போன வருசம் முழங்கால் முடியாமல் போகவே மகன் வந்து கூட்டிப்போனார். முன்வீட்டை வாடகைக்கு விட்டார்கள். காரில் ஏறியபிறகும் அக்கா தலையை வெளியே நீட்டி, "ஏ பாண்டி, கேட்டப் பூட்டு" என்று என்னை அதட்டினார். அதுதான் நேரில் கடைசியாகப் பேசியது.

குடங்களை வைத்துவிட்டு அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். "என் வீட்டுக்குக் கொண்டாங்க" என்றேன்.

"குடியிருக்கிறவங்க நீங்க. உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?"

"வாடகை குடுக்குறேன்ல தம்பி? என் வீடுதான். கொண்டாங்க."

போனில் அவர் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டேன். தரையைக் கழுவிவிட்டேன்.

கேட்டிலிருந்து என் வீட்டுக்கு வருகிற சந்து எவ்வளவு ஒடுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அதில் அக்காவை வைத்திருந்த ஐஸ்பெட்டி திரும்பவில்லை. ஒருக்களித்துத் தூக்கி வந்தார்கள். என் வீட்டுக் கரண்டு அந்த ஐஸ்பெட்டியைத் தாங்காமல் நின்று நின்று போனது. முன்வீட்டுப் பெண்ணின் கணவர் கேட்காமலே அவர்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். அக்கா என் வீட்டில் படுத்திருந்தார், கரண்டு அவர் இருந்த வீட்டிலிருந்து வந்தது. தலைமாட்டில் சுவரில் என் கணவர் படம். நீங்கள் எல்லோரும் வந்து ஜெபமாலை சொன்னீர்கள். "நீ ஏன் அழலை, அழுதிரு" என்று சிலர் சொன்னீர்கள். இன்னும் வரவில்லை. சோறு பொங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், இரவு கேட்டைப் பூட்டுகிறேன்.

அடக்கம் முடிந்து ஊருக்குப் போகும்போது மகன் அக்காவின் படம் ஒன்றைச் சட்டம் போட்டு என்னிடம் கொடுத்தார். "மாட்டிக்கோங்கக்கா, எங்க வேணா ஆணி அடிச்சுக்கோங்க" என்றும் சொன்னார். நல்ல பிள்ளை.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அவர் அடித்த அந்த ஒரு ஆணி. அதில் என் கணவர் இருக்கிறார். அக்கா படத்தை இன்னும் மாட்டவில்லை. சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கிறேன். இன்னொரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் அக்காவிடம் கேட்க வேண்டும்.