உப்பில்லாக் கஞ்சியும் ஒரு திட்டும்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். வார்டில் யார் இறந்தாலும் என் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. உடன் வேலை பார்த்த சோமனூர்க்காரி நேர்மாறு. நோயாளி யாராவது இறந்துவிட்டால், கட்டுத்துணி மடிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இறந்தவரைத் திட்டுவாள். அதுவும் மரியாதையாக.

"ஏனுங்க, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களே, நல்லா இருக்குதுங்களா இது?"

திட்டி முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, கேன்டீனில் இரண்டு ரோஸ்ட்டைக் காலி செய்வாள். நான் கேலி செய்வேன். கடைசியில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. தூக்கமும் போனது. காலையில் யூனிபார்மைக் கையில் எடுப்பேன், திரும்ப ஆணியிலேயே மாட்டிவிடுவேன். எனக்கு உயிரான வேலை அது. ஆனாலும் இனி முடியாதென்று தாராபுரத்தில் வீட்டுக்குப் போன் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக அப்பா சொன்னார்.

அப்போது ஜன்னலோரக் கட்டிலில் சூலூர் தறிக்காரர் ஒருவர் இருந்தார். இதய நோய், உப்பு கூடாது. காலைக் கஞ்சியை வாயில் வைத்ததும் ஆரம்பிப்பார்.

"ஏனுங்க அம்மணி, உப்பை ஊட்லயே வெச்சுப்போட்டு வந்துட்டீங்களா?"

"நாளைக்குக் கொண்டாறனுங்க" என்பேன். தினமும் இதே பேச்சுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் இறந்துபோனார். நான் வழக்கம்போல விரிப்பை மாற்றினேன்.

மறுநாள் காலை அந்தக் கட்டிலருகே கஞ்சியை வைத்தபோது, என் வாய் தன்பாட்டுக்கு, "உப்பு நாளைக்குக் கொண்டாறனுங்க" என்றது. நிமிர்ந்தால் வேறு ஒருவர். முந்தைய நாள் மாலை சேர்ந்தவர்.

"நான் இன்னும் வாயிலயே வெக்கலைங்களே!" என்று விழித்தார்.

துணி அறைக்கு ஓடினேன். சோமனூர்க்காரி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நகர்ந்து இடம் விட்டு, "திட்டிப்போடு" என்றாள்.

"உப்புக் கேட்டுப்போட்டு இப்படிப் போயிட்டீங்களேங்க..."

வார்டுக்கே கேட்கும்படி அழுதேன். அவருக்கு மட்டுமல்ல, அதுவரை நான் விரிப்பு மாற்றிய எல்லோருக்கும் சேர்த்து அழுதேன். பிறகு கேன்டீனில் அவளுடைய ரோஸ்ட்டில் ஒன்றைத் தின்றுவிட்டேன். அதற்கு என்னையும் திட்டினாள், துளி மரியாதை இல்லாமல். மிச்ச அழுகையை விடுதிக்குப் போய் அழுது, அப்படியே விடியும்வரை தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் அப்பா பதறிவிட்டார்.

"மொகமெல்லாம் வீங்கிக் கெடக்குது. அழுதியா கண்ணு? பொட்டியை எடு, போலாம்."

"அழுதனுங்கப்பா. அதனாலதான் வரலைங்க."