முப்பதாவது நிமிடத்தில் நின்ற பாட்டு

என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் மறப்பதில்லை. அடுப்பில் வைத்த பாலை மறப்பேன், குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவேன், இதை மட்டும் மறக்கமாட்டேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ரெக்கார்டிங் கடையில் ஒரு நாள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களைக்கூடப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சிரிக்க வைத்தவனை இந்த வயதிலும் மன்னிக்கவில்லை.

அந்தக் கடைக்கு மேல் மாடியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. நான் அங்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு கருணாபுரம் காலனியில். அப்பா மூட்டை தூக்குவார், அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போவாள். நான் பத்தாவது முடித்துத் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்திருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கீழே பாட்டு ஓடும், மேலே பன்னிரண்டு மிஷின்கள் அடிக்கும். அந்த இரைச்சலுக்குள்தான் புதுச்சேரி நாலு பேரின் பாட்டுகள் எனக்குப் பழக்கமாயின.

நாலு பேர் என்றுதான் நாங்கள் சொல்வோம். கிட்டார் இரண்டு, டிரம்ஸ் ஒன்று, பாடுகிறவர் ஒருவர். இருபது வருடமாகச் சொந்தமாகத் தமிழில் ராக் பாட்டு கட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சினிமாப் பாட்டைத் தொடவே மாட்டார்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. மாதா மாதம் ஒரு பத்திரிகைகூடப் போட்டார்கள். நான் ஸ்டென்சில் அடித்துக் கொடுப்பேன், அதை சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டி எழுபது பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள்.

அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர்தான் நான் சொல்லும் ஆள். கச்சிராயபாளையம் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். எம்.ஏ. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தான். ஊரே அவனை எம்.ஏ. சார் என்று கூப்பிட்டது. நேரில் நானும் சார் என்றுதான் சொன்னேன். மனசுக்குள் அவன், இவன்தான். எழுதும்போதும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருடம் நாலு பேரின் புதுக் கேசட் வந்தது. அதில் கடைசிப் பாட்டு வழக்கமான மாதிரி இல்லை. டிரம்ஸ் அதிகம் கிடையாது, ஒரே ஒரு கிட்டார், பாடுகிறவரின் குரல் கரகரத்துப் போயிருந்தது. பல வருடம் கழித்து வீடு திரும்பும் ஒருவன் தன் வீட்டு வாசலில் நிற்கிறான். கதவைத் தட்டக் கை தூக்குகிறான். அங்கேயே பாட்டு நின்றுவிடும். 'டக்' என்று ஒரு சத்தம், அதன்பிறகு வெறும் இரைச்சல்.

இந்தப் பாட்டு தேறுமா தேறாதா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அதே சமயத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு வாரம் ஒரு பஸ்கூட ஓடவில்லை. இன்ஸ்டிடியூட்டுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வரவில்லை. வேலைக்குப் போக முடியாத ஆண்கள் எல்லாம் ரெக்கார்டிங் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நாட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்ச நேரம் பேசுவார்கள், சூடேறியதும் பயந்துபோய்ப் பேச்சைப் பாட்டின் பக்கம் திருப்பிவிடுவார்கள்.

கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒருவர்தான் பாட்டு தேறாது என்ற கட்சிக்குத் தலைவர். "பழைய பாட்டப் போட்டா மலை ஏறச்சொல்ல பஸ்ஸே குதிச்சிக்கினு போவும். இத்தப் போட்டா டிரைவர் தூங்கிடுவாரு. வயசாயிடுச்சிப்பா அவங்களுக்கு. கடைசியில பாட்ட முடிக்கக்கூட தெம்பில்ல" என்றார்.

எம்.ஏ. கால் மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தான். "முடிக்கத் தெரியாம இல்ல கண்டக்டர். வேணும்னே முடிக்கல. கதவு தொறக்குமா தொறக்காதான்னு நம்மளயே நிக்க வெச்சிட்டுப் போறாங்க. அந்த 'டக்' இருக்கு பாருங்க, அது உள்ள தாழ்ப்பாள் போடற சத்தம். இதெல்லாம் உலகத்தரம்."

நான் பூட்டுச்சாவி கொடுக்க இறங்கி வந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தக் கடையின் வேலை தெரியும். கடைக்காரர் அறுபது நிமிட கேசட்டில்தான் பதிவு செய்வார், ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஒரிஜினல் கேசட்டைப் பதிந்த முதல் நாளே மிஷின் அந்த ஒரிஜினல் டேப்பை மென்று தின்றுவிட்டது. அதற்குப்பிறகு அந்த முதல் பிரதியை வைத்துத்தான் ஊருக்கே பதிந்து கொடுத்தார். ஒரிஜினலில் இரண்டாவது பக்கம் முப்பது நிமிடத்தைத் தாண்டியிருந்தால், பாட்டு நடுவிலேதானே அறுந்திருக்கும்?

"அது தாழ்ப்பாள் இல்ல சார். மிஷின் நிக்கற சத்தம். டேப்பு தீந்து போயிருக்கு, மீதிப் பாட்டு இருக்குது" என்றேன்.

எம்.ஏ. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ இன்னாமா படிச்சிருக்க?"

"பத்தாவது சார். டைப்பிங் ஹையர்."

"வூடு?"

அவனுக்குத் தெரியாதா? எல்லார் எதிரிலும் என் வாயாலேயே வரவழைக்கக் கேட்டான். "கருணாபுரம்" என்றேன்.

"அங்க கேக்கற பாட்டு வேற, இது வேற. நாங்க எழுதிக் குடுக்கறத அடிச்சிக்கினு இரு, அது போதும்."

சிரித்தார்கள். கடைக்காரர்தான் எல்லாரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தார். அவர் பதிவில் குறை என்றால் நாளைக்கு யார் வருவார்கள்? எனக்குத் தலையிலிருந்து கால் வரை பற்றி எரிந்தது. மாடியேறி ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்து, பேப்பர் இல்லாமலே உருளை மேல் அடித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. இவனை இதே ஊரில், கூட்டத்துக்கு நடுவில் வைத்து மூக்கறுக்கவில்லை என்றால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

மரங்களை எடுத்து ரோடு திறந்ததும், சின்னம்மாவைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குப் போனேன். முதல் கேசட் கடையிலேயே கிடைத்தது. வாங்குவதற்கு முன் போட்டுக் காட்டுங்கள், கடைசிப் பாட்டு மட்டும் போதும் என்றேன். பாட்டில் வருகிறவன் வாசலில் நிற்கிறான். கையைத் தூக்குகிறான். எங்கள் ஊரில் 'டக்' வரும் இடத்தில் 'டக்' வரவில்லை. கதவு திறந்தது. உள்ளே இருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

அதுவரை நாலு பேர் பாட்டில் பெண் குரலே கிடையாது. பயிற்சி பெற்ற குரலும் இல்லை. வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிற மாதிரி, நீ போன பிறகு யார் வந்தார்கள், கூரையை எப்படி மாற்றினேன், எத்தனை நாள் வாசலைப் பார்த்தேன், எந்த நாளோடு பார்ப்பதை நிறுத்தினேன் என்று இரண்டு நிமிடம் பாடினாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்தும் நான் கவுண்டரை விட்டு நகரவில்லை. கடைக்காரப் பையன் "இன்னாக்கா, வேணுமா வேணாமா?" என்று இரண்டு தரம் கேட்டான்.

அந்த நிமிடமே ஊருக்குப் போய்க் கடையில் போட்டுக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பத்துப் பேர் முன்னால் அவமானப்பட்டால் எம்.ஏ. அன்று சாயங்காலமே ஏதாவது பேசிச் சமாளித்துவிடுவான். அவனுக்கு அது கம்மி. கேசட்டைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவன் படியில் எதிர்ப்பட்டபோது, "சார், நீங்க சொன்னத யோசிச்சிப் பாத்தேன். சரிதான் சார். அத்த நீங்க பெருசா எழுதணும்" என்றேன். மனுஷன் பூரித்துப்போனான். என்னை மன்னித்துவிட்டதாகக்கூடச் சொன்னான்! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். தாழ்ப்பாளுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். திறக்காத கதவுதான் தமிழ்நாட்டின் இன்றைய நிலை என்று வேறு ஒரு பத்தி. ஒரு எழுத்து பிசகாமல் ஸ்டென்சில் அடித்தேன். பின்னால் டைப்பிஸ்டு மேல் பழி போட அவனுக்கு இடம் வைக்கக்கூடாது. அதே சமயம் நாலு பேரைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிவந்து கச்சேரி நடத்த ரசிகர்கள் முடிவு செய்தார்கள். அழைப்புக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். நாலு பேர் முன்னிலையில் எம்.ஏ. கட்டுரை வாசிப்பார், பிறகு அவர்கள் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று அதில் இருந்தது. வேறென்ன வேண்டும் எனக்கு? சாமி கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஊரில் பதற்றம் அடங்கவில்லை என்பதால் இருட்டுவதற்குள் முடிக்கச் சொல்லி போலீஸ் அனுமதி கொடுத்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. நான் இரண்டாவது வரிசையில், பையில் கேசட்டோடு உட்கார்ந்தேன். மேடைக்கு நாலு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. ஐந்தாவதாக ஒரு பெண் வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நூல் புடவை, நாற்பது வயதிருக்கும். பாடுகிறவரின் மனைவி என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு முன்னால் தனியாக ஒரு மைக் வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எம்.ஏ. கட்டுரையை வாசித்தான். தாழ்ப்பாள் பத்தி வந்ததும் பாடுகிறவர் புரியாமல் கிட்டார்க்காரரைப் பார்த்தார். கிட்டார்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். மாட்டினான்டா என்று புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். எம்.ஏ. விடவில்லை, குரலை உயர்த்தி எட்டாவது பக்கத்தையும் முடித்தான். கூட்டம் கைதட்டியது. நாலு பேரும் தலைகளைச் சேர்த்து ஏதோ பேசினார்கள். பிறகு பாட்டைத் தொடங்கினார்கள்.

பாட்டில் வருகிறவன் வாசலுக்கு வந்தான். கையைத் தூக்கினான். ஓரத்துப் பெண் எழுந்து மைக் அருகில் போய் மூச்சை இழுத்துக்கொண்டாள். கிட்டார் சட்டென்று நின்றது. டிரம்ஸ்காரர் குச்சியால் ஒரே ஒரு அடி அடித்தார். 'டக்'.

மண்டபம் எழுந்து நின்றது. கண்டக்டர்கூட விசிலடித்தார். பாடுகிறவர் எம்.ஏ.வைக் கட்டிப்பிடித்து, மைக்கில், "இருபது வருஷமா பாடறோம். எங்க பாட்டு எங்க முடியணும்னு இந்த ஊருதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்குது" என்றார். தனக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அந்தப் பெண் மைக்கின் பொத்தானைத் தள்ளி அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

எழுந்து கத்தியிருப்பேன். யார் காதில் விழுந்திருக்கும்? பாட்டு கட்டினவர்களே அவன் பக்கம் போய்விட்ட பிறகு என் கேசட் யாருக்கு வேண்டும்? அவன் மாலையோடு படி இறங்கி வந்தபோது அந்த முகத்தில் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது.

பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கேசட்டை நீட்டி, "அக்கா, நீங்க பாடற எடந்தான்க்கா பாட்டே" என்றேன்.

அவள் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த ஊர்ல இது இருக்குதா? பாதியோட நிக்கறதத்தான் எல்லாரும் கேட்டிருக்கீங்கன்னு அவரு சொன்னாரு."

"என்கிட்ட மட்டும் இருக்குது. புதுச்சேரில வாங்கினேன்."

"இருவது வருஷமா இவங்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கினு கூடவே சுத்தறேன். சண்ட போட்டு வாங்கின பாட்டு இது. இனிமே எல்லா ஊர்லயும் இப்படியே நிறுத்திடலாம்னு பேசிக்கினு இருக்காங்க." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்ப வாங்கின?"

"ரெண்டு மாசம் ஆவுதுக்கா."

"அந்த எட்டுப் பக்கத்த அடிச்சது நீதான்னு சொன்னாங்களே. எங்களுக்குப் போட்ட லெட்டரும் நீதானா?"

"ஆமாக்கா."

"ரெண்டு மாசமா உனக்குத் தெரியும். அப்புறம் ஏம்மா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"தோணலக்கா" என்றேன்.