ஐந்தாவது மாடிப் பெஞ்சு

எண்பதுகளில், ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் ஒரு பஸ் கண்டக்டர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஒல்லியான மனிதர். குடியிருப்பாளர் கூட்டம் என்றால் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் இருப்பார்.

ஒருமுறை, டத்தோ பட்டம் பெற்ற எங்கள் சட்டமன்ற உறுப்பினர், "மக்கள் கருத்தைக் கேட்க வந்தேன்" என்று தொடங்கி, வாசலில் நீரூற்று கட்டப்போவதாக அறிவித்தார்.

கண்டக்டர் எழுந்தார். "டத்தோ, லிஃப்ட் கெட்டுப்போயி, முட்டிவலிக்கார என் சம்சாரம் கீழ எறங்கியே மாசக்கணக்காச்சு. வீட்டுக்கு வந்து ஒரு தே குடிச்சிட்டுப் போங்க லா."

மறுக்க முடியாமல் படியேறியவர் ஐந்தாவது மாடியிலேயே மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டார். "இங்கே ஒரு பெஞ்சு அவசியம்" என்றார். சீக்கிரமே பெஞ்சு வந்தது, அவர் பெயரோடு.

"பெஞ்சுதானே கெடைச்சுது, அண்ணே?" என்றேன்.

"பாதி தூரம் ஏத்தியாச்சு, தம்பி. அடுத்த எலெக்‌ஷன்ல மேல வரைக்கும் ஏத்திடலாம்."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அது வேடிக்கையா, திட்டமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.