துரை கொடுத்த மொட்டை வண்டி

தினமும் காலையில் ஒரு கூரையைப் பிரிப்பதுதான் என் முதல் வேலை. வீட்டுக் கூரை இல்லை, காரின் கூரை. முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு கொக்கிகளைக் கழற்றி, கித்தானைப் பின்னால் தள்ளி, கம்பிகள் விரலைக் கடிக்காதபடி மடித்துத் தோல்வாரால் கட்ட வேண்டும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்றுதானே நாங்களெல்லாம் கப்பல் ஏறினோம்? காசு கூடக் கொடுத்துக் கூரையில்லாமல் போகிறவர்களை நான் கோலாலம்பூருக்கு வந்துதான் பார்த்தேன்.

இங்கே கார் விற்கும் கடை ஒன்றில் பத்து வருஷமாக டிரைவராக இருக்கிறேன். போன வருஷம் சீமையிலிருந்து புது மாதிரி ஒன்று வந்தது. வெண்ணெய் நிறத்தில் மடக்குக் கூரை, சிவப்புத் தோல் இருக்கை. கடை மானேஜர் துரை என்னைக் கூப்பிட்டார். "உயர்ந்த ரகக் கார்களிலேயே விலை குறைந்தது இதுதான். சொந்தக்காரன் ஓட்டுவதுபோல் இரண்டு வாரம் இதில் தினமும் பக்கத்துக் கிள்ளானுக்குப் போய் வா. அன்றாடம் ஓட்ட லாயக்கா என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடு. நன்றாக எழுதினால் உங்கள் ஆட்களுக்குக் கார் விற்கும் நாற்காலி உனக்குத்தான்" என்றார். கடை வாசலைத் தாண்டும்போது கூரை மடிந்தே இருக்க வேண்டும் என்பது மட்டும் அவர் உத்தரவு. பார்க்கிறவர்களுக்கு அதுதான் விளம்பரமாம்.

அந்த நாற்காலி என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் மிகையில்லை. பத்து வருஷம் பிறருக்குக் கதவு திறந்துவிட்டவன் நான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று நாலு பேர் என்னைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். என் மனைவி செல்லம்மா வெளியே வந்து பார்த்தாள். "என்னங்க இது, மொட்டை வண்டி!" என்றாள். என் குதூகலம் அங்கேயே வடிந்துவிட்டது. அவள் சொன்னதில் தப்பில்லை. மன்னார்குடிப் பக்கம் மொட்டை வண்டியில் எரு போகும், வைக்கோல் போகும். கௌரவமான மனிதர்கள் கூண்டு வண்டியில்தான் போவார்கள். செல்லம்மாவே கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தது கூண்டு வண்டியில், திரை கட்டிக்கொண்டுதான். அப்படி வந்தவளிடம் இதுதான் துரைமாரின் சொகுசு என்று எந்த வாயால் சொல்வேன்?

கூரையை இழுத்து மாட்டிக் காட்டிய பிறகுதான் கிட்டே வந்தாள். உடனே பூஜை போட வேண்டும் என்றாள்.

"இது கடைக் காரு. நம்ம காரா என்ன?"

"யாரு காரா இருந்தா என்னங்க? ஓட்டுறது நீங்கதானே?"

 சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம், சூடம் காட்டினோம். அவள் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தெளித்தாள். மரத்திலும் இரும்பிலும் தெளித்தே பழகிய கை. வெண்ணெய் நிறக் கித்தான் நடுவே ஒரு முறம் அகலத்துக்கு மஞ்சள் கோலம் விழுந்துவிட்டது. பதறிப்போய் நான் சவுக்காரக் கட்டியை எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் சிவப்பாகி, ரத்தமாட்டம் ஆகிவிட்டது.

"ஐயோ, மஞ்சள்ல சவுக்காரம் பட்டா செவக்காதா? ஆரத்தித் தட்டையே பாத்ததில்லையா நீங்க?" என்று செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "விடுங்க. மஞ்சக் கறை வெயில்ல காஞ்சாத்தான் போகும்."

மறுநாள் துரை அதைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டார். யார்மேல் ஏற்றிவிட்டாய் என்று கேட்டார். யார்மேலும் இல்லை, பூஜை என்றேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். என் காரில் கோழி அறுத்தாயா என்றார். மஞ்சள், சவுக்காரம், ஆரத்தி என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாம் விளக்கினேன். நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. இனி இந்தக் காரை எந்த வெள்ளைக்காரனும் வாங்க மாட்டான், சோதனையையாவது ஒழுங்காக முடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கறை வெயிலில் காய வேண்டுமானால் கூரை மேலே இருக்க வேண்டும். ஆகையால் கடை வாசலை மொட்டையாகக் கடப்பேன், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கேட் வந்ததும் இறங்கிக் கூரையை மாட்டுவேன். திரும்பும்போது அதே இடத்தில் மடக்குவேன். அப்படிப் போன முதல் நாளே, கேட்டுக்கு வருமுன் ஒரு சீனர் காப்பிக்கடையில் நின்றபோது, கூரையை இன்னும் மாட்டியிருக்கவில்லை. கடை முதலாளியான தவுக்கே காரைச் சுற்றி வந்து, "அத்தாப் மானா?" என்றார். கூரை எங்கே என்கிறார். இல்லை என்று கையை விரித்தேன். கூரை வாங்க வக்கில்லாதவன் என்று நினைத்தாரோ என்னவோ, காப்பியோடு ஒரு ரொட்டியையும் கையில் கொடுத்து முதுகில் தட்டினார்.

கிள்ளானில் மண்வேலைக் காண்ட்ராக்டர் ஒருவருக்குக் காரைக் காட்டினேன். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "எஞ்சின் சிங்கம்லா, தம்பி. ஆனா கூரைய ஆணி அடிச்சிக் குடுப்பியா? மொட்டை வண்டியில காய்கறி வாங்கப் பாசாருக்கு வான்னா என் சம்சாரம் என்னையே வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, வழியெல்லாம் அந்த மொட்டை வண்டியைத் திட்டிக்கொண்டே ஓட்டி வந்தேன். அன்றைக்கு நாலு மணி மழை என்னை அதே ரயில்வே கேட்டில் பிடித்தது. கூரையை அப்போதுதான் மடக்கியிருந்தேன். இந்த ஊர் மழை தூறி எச்சரிக்கை செய்கிற மழை இல்லை, குடத்தைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். ஒற்றை ஆளாகக் கம்பிகளோடு மல்லுக்கட்டிக் கூரையை ஏற்றி முடிப்பதற்குள் தோல் இருக்கையில் தண்ணீர் குளம் கட்டிவிட்டது.

இரண்டு வாரம் முடிந்ததும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். எஞ்சின் நல்லது, ஸ்பிரிங் நல்லது, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது. கூரையை மடக்கினால் பின்னால் ஒரு பை வைக்க இடமில்லை. உச்சி வெயிலில் இருக்கை தொடையைச் சுடுகிறது. இந்த நாட்டில் தினமும் கார் ஓட்டுகிறவருக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

துரை படித்தார். "நான் காரைப் பற்றிக் கேட்டேன். நீ வானத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய்" என்றார்.

அவ்வளவுதான். அதே மாதிரியில் ஆறு கார்களுக்கு ஆர்டர் போட்டார். நாற்காலியில் கார் ஓட்டவே தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையைக் கேட்டு வாங்கி, அதையே குற்றமாக்கிய மனிதர்மேல்தான் கோபம். இன்று வரைக்கும் அது ஆறவில்லை. ஆறு காரையும் துரைமார்களே வாங்கினார்கள். மழை வந்தால் அவர்களுடைய டிரைவர்கள் ரோட்டோரத்தில் கித்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். பார்க்காததுபோல் போய்விடுகிறேன்.

கறை பட்ட கார் விலைபோகவில்லை. கடையின் எடுபிடி வேலைக்கென்று அதை என்னிடமே விட்டுவிட்டார்கள். கடை வாசலில் கூரை மடிந்திருக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் மாறவில்லை. செல்லம்மா சொன்னபடி வெயிலில் கறை போய்விட்டது, ஆனால் ரத்தக் கறைக் கார் என்ற பேர் போகவில்லை.

போன வாரம், கடையைத் தாண்டியிருக்கும் பாசாரில் செல்லம்மாவை விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பலாம் என்று கிளம்பி, ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திக் கூரையை மடக்கினேன். உடனே அவள் இறங்கிவிட்டாள். ஒரு பக்கம் பத்து நிமிஷத்தில் மொட்டை வண்டியாகக் கடை வாசலில் நிற்க வேண்டும். மறுபக்கம் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு செல்லம்மா ரோட்டோரத்தில் நிற்கிறாள். "மேல போடுங்க, ஏறுறேன்" என்றாள். இழுத்தேன். கூரை பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. அதற்குமேல் ஏறவும் இல்லை, திரும்ப மடியவும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. அவள் ஏறவில்லை, நானும் வண்டியை எடுக்கவில்லை. அந்த அரைக் கூரையைப் பிடித்தபடி நடுரோட்டில் நனைந்துகொண்டு நின்றேன்.