மாப்பிள்ளைக்கு ஒரு ரேங்க்

பல் செட் செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. மெழுகில் ஈறு செய்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். பக்கத்திலேயே அரைக்கும் இயந்திரம் ஓடும். யாருடனும் பேச முடியாது. பேசவும் அவருக்கு வராது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நகக்கண்ணில் ஒட்டிய பிளாஸ்டர் மாவைச் சுரண்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஆளே வேறு. இணைய விளையாட்டு ஒன்றில் ஒரு கில்டுக்கு, அதாவது சேர்ந்து ஆடுகிறவர்களின் கூட்டத்துக்கு, அவர்தான் தலைவர். அங்கே எல்லோருக்கும் பல்லண்ணன். கல்யாணம் கூடிவராமலே போன மனிதருக்கு அதுதான் குடும்பம்.

ரேங்குகளைத் தலைவர்தான் வகுக்க வேண்டும். பெயரும் அவர் இஷ்டம். புது ஆளைச் சேர்ப்பது, பொதுக் கிடங்கைத் திறப்பது, ஆளை நீக்குவது என்று ஒவ்வொரு அதிகாரத்துக்கும் ஒரு கட்டம். அதில் டிக் போட வேண்டும். புதிதாக வந்தவன் பால்பல், தேறியவன் கடைவாய் என்று வைத்திருந்தார். அந்தப் பெயர்களுக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு.

தங்கையின் கணவருக்கு வேலை போயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்தவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை கெஞ்சியதால் அவரைக் கில்டில் சேர்த்தார். மறுநாளே போன் வந்தது.

"அவரைப் பால்பல்லுல வச்சிருக்கியாமே அண்ணா? வீட்டு மாப்பிள்ளைய வைக்கிற இடமா அது?"

எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. தனக்கு அடுத்த படியாக 'ஆலோசகர்' என்று புது ரேங்க் ஒன்றை உண்டாக்கினார். வெறும் பட்டம் என்றால் மாப்பிள்ளை கண்டுபிடித்துவிடுவார். ஏதாவது ஒரு டிக் வேண்டும். கிடங்கைக் கொடுத்தால் ஒரே நாளில் துடைத்துவிடுவார். சேர்க்கும் அதிகாரம் கொடுத்தால் கண்டவனையும் இழுத்து வருவார். நீக்குவதை யார் தொடப்போகிறார்கள்? இத்தனை வருடத்தில் தலைவரான அவரே தொட்டதில்லை. அங்கே டிக் போட்டார்.

முதலில் போனவன் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன். கில்டு தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவன். மாப்பிள்ளை சண்டைக்களத்தில் வழி தெரியாமல் நின்றபோது, "ஆலோசகரே, உங்க ஆலோசனை என்ன?" என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நொடி கண்டக்டர் பெயர் இல்லை.

பல்லண்ணன் அவனைத் திரும்பச் சேர்த்தார். மாப்பிள்ளை திரும்ப நீக்கினார். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை என்று தங்கை அழுதாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள், கண்டக்டருக்குப் பரிந்து பேசிய இருவரையும் காணோம். மற்றவர்கள் தாமாகவே கழன்றுகொண்டார்கள். பட்டறையில் அன்று நாலு பல்லைத் தலைகீழாக நட்டுவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரே ஒரு டிக்தான். எடுத்துவிடலாம் என்று தீர்மானித்து உட்கார்ந்தார். மவுஸ் கட்டத்தின் மேல் நிற்கும்போது போன் அடித்தது.

"அண்ணா, இன்னைக்கு அவரே பிள்ளைக்குத் தலை சீவி விட்டாரு. கில்டுல எல்லாரும் தன் பேச்சுக்குக் கட்டுப்படுறாங்கன்னு சொல்லிச் சிரிச்சாருண்ணா. சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? உனக்குப் புண்ணியமாப் போகும்."

மவுஸிலிருந்து கையை எடுத்தார். சரிம்மா என்றார்.

கண்டக்டரின் செய்தி பதிலுக்காகக் காத்திருந்தது. சேர்ப்பதா இல்லையா, ஒரு வார்த்தை சொல் என்று கேட்டிருந்தான். எதையெதையோ தட்டினார், எல்லாவற்றையும் அழித்தார். வேறு கில்டு பார்த்துக்கொள்ளும்படி எழுதி அனுப்பினார்.

"அப்ப நீ எங்கண்ணே போவ?" என்று பதில் வந்தது.

தங்கை கணவர்மேல் கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. கில்டில் ஆன்லைனில் இரண்டே பெயர்கள்தான் பச்சையாக இருந்தன. ஒன்று மினுங்கியது.

"மச்சான், சும்மாதானே இருக்கீங்க? வாங்க, ஒரு சண்டை போட்டுட்டு வரலாம். உங்களுக்கு நான் வழி காட்டுறேன்."

"வர்றேன் மாப்பிள்ளை," என்று எழுதிவிட்டுப் போனார்.