தொள்ளாயிரத்துப் பத்து கிராம்

அப்பாவுக்கு ஊரில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்பட வரும், தன்னைத் தவிர. ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். சித்தப்பாவுக்கும் அங்கேதான் வேலை, அடுப்படியில். ஸ்டோர் சாவி அண்ணன் இடுப்பில், கரண்டி தம்பி கையில்.

எண்ணெயை வெகுகாலம் லிட்டர் குவளையால்தான் அளந்து கொடுத்தார்கள். புதிதாக வந்த மேனேஜர் ஒரு மின்தராசை வாங்கி வைத்து, "இனிமே எல்லாம் கிலோதான்" என்றார். அப்பா சளைப்பாரா? பதினைந்து லிட்டர் டின் வந்து இறங்கினால் பதினைந்து கிலோ வரவு என்று எழுதிக்கொண்டார். கொடுப்பதை மட்டும் தராசில் நிறுத்துக் கொடுத்தார். லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்று மேனேஜரும் நினைத்தார். படித்தவர் என்பதால் அவர் பேர் கெடவில்லை.

டின்னுக்கு ஒரு கிலோவுக்கு மேல் துண்டு விழுந்தது. "சாவி உங்கிட்டதானே இருக்கு? நீதான் பதில் சொல்லணும்" என்று மேனேஜர் அப்பாவை மடக்கினார். வேலை போகிற நிலைமை. அப்போது சித்தப்பா அடுப்படியிலிருந்து வந்து, "நான்தான் சார் எடுத்தேன்" என்றார். அன்றைக்கே அவரை வெளியே அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் எண்ணெய் பாக்கெட்டில் வர ஆரம்பித்தது. எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்தார்கள், எதுவும் குறையவில்லை. "பாத்தியா, திருடன் போனதும் எல்லாம் சரியாயிடுச்சு" என்றார் அப்பா. தம்பியோடு பேச்சை நிறுத்தினார். என் கல்யாணத்துக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாலையைக் கழற்றி வீசியிருக்க வேண்டும். வீசாமல் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினேன். அப்பா சும்மா இருக்காமல் ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் தூக்கி அதில் வைத்தார். ஒரு கிலோ வரவில்லை. பாக்கெட்டும் கையுமாகக் கடைக்குக் கிளம்பிவிட்டார். மானம் போகுமே என்று நானும் பின்னால் ஓடினேன்.

"என்னைப் பாத்தா இளிச்சவாயனாத் தெரியுதா? கிலோவுக்குக் கொறையுதே!"

கடைக்காரர் சிரித்தார். "பெரியவரே, எண்ணெய் தண்ணியவிட லேசு. மேல மிதக்குறதப் பாத்ததில்லையா? லிட்டருக்கு தொள்ளாயிரத்துப் பத்து கிராம்தான் நிக்கும். பாக்கெட்லயே போட்டிருக்கான், படிங்க."

அப்பா படித்தார். திரும்பவும் படித்தார். வீட்டுக்குத் திரும்பவில்லை, நேரே சித்தப்பா வீட்டுக்கு நடந்தார், பின்னாலேயே நானும். வாசலில் சித்தப்பா செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எண்ணெய் கொறையவே இல்லடா," என்றார் அப்பா. "டின்னுல இருந்ததே அவ்வளவுதான். எடுக்காததை எடுத்தேன்னு ஏன்டா சொன்ன?"

சித்தப்பா ஊசியைக் கீழே வைத்தார். "நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன்ணே. உனக்கு வேலை போயிடக் கூடாதுன்னு சொன்னேன்."

அப்பாவுக்கு அப்போதும் முதலில் வந்தது கோபம்தான். "என்னைப் போயா? என்னைப் போயாடா திருடன்னு நெனச்ச?"

"நெனச்சேன்தான்ணே. நெனச்சும் உன் பக்கம்தானே நின்னேன்?"