எட்டேழு கேட்ட பூட்டு

கோடை விடுமுறை தொடங்கியதும் எதிர் வீட்டுக்காரி கைப்பேசியோடு என்னிடம் வந்தாள். அவளும் புருஷனும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள். கரையைத் தனியாக நெய்து புடவையின் உடல் பகுதியோடு கோக்க இரண்டு ஆள் வேண்டும். உட்கார்ந்துவிட்டால் இருவருக்கும் தலையைத் திருப்ப நேரமிருக்காது. எட்டு வயதுப் பெண்ணை யார் பார்ப்பது?

"டிவிக்காரங்க புள்ளைங்களுக்குன்னே ஒரு வெப்சைட் வெச்சிருக்காங்களாம் அக்கா. நீ பாத்துச் சொல்லு. நல்லதுன்னா குடுக்கிறேன். இல்லன்னா நான் தறிய விட்டு எழுந்துக்க வேண்டியதுதான். அவரு ஒத்த ஆளா ஒண்ணும் பண்ண முடியாது."

கடைப் பலகையும் பொட்டலக் காகிதமும் படித்தே எழுத்தைப் பிடித்தவள் நான். என்னை நம்பிக் கேட்கிறாளே என்று ஒரு மாலை முழுக்க அதிலேயே கிடந்தேன். அசந்துபோனேன். கதை சொல்லும் குரல் பிள்ளையை அவசரப்படுத்தவில்லை. கோணலாக வரைந்தால் கேலி செய்யாமல், "இன்னொரு தடவை பார்ப்போமா?" என்றது. ஒரு கதை முடிந்தால் அடுத்தது தானாக ஓடிவரவில்லை. பெரியவர்கள் பார்க்கும் தொடர்களுக்குப் போகிற வழியில் மட்டும் ஒரு பூட்டு: 'பெரியவர்களைக் கூப்பிடு' என்று சொல்லி ஒரு கணக்கு. இதைச் செய்தவர்கள் பிள்ளை வளர்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

"கண்ண மூடிக்கினு குடும்மா" என்றேன்.

அவள் கண்ணை மூடவில்லை. என்னையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். சின்னது நேராகப் பூட்டுக்குப் போனது. எட்டேழு எவ்வளவு என்று கேட்டது திரை. நாளெல்லாம் இழை எண்ணுகிற வீட்டுப் பிள்ளை அது.

"அம்பத்தாறு!"

திறந்துகொண்டது. உள்ளே ஒரு மாமியார் மருமகளை அறைந்துகொண்டிருந்தாள்.

"என்னைக் கூப்புடச் சொன்னா, இதுவே கணக்கு போட்டுக்கினு உள்ள போயிடுச்சேக்கா!" சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாத முகம் அவளுக்கு.

"அப்போ வேணாம்மா" என்றேன் நான்.

"எதுக்கு வேணாம்? மத்ததெல்லாம் தங்கமாட்டம் இருக்குது. சத்தத்தப் பெருசா வெச்சுட்டா போவுது. கதை மாறுனா காதுல விழாதா?"

தறிப் பக்கமிருந்து புருஷன் குரல் கொடுத்தார்: "உங்கம்மா பேசுனா மூணு தெருவுக்குக் கேக்குது. இந்த மாமியார் குரலா கேக்காது?"

மறுநாள் காலையில் யானைக் கதையும் தறிச் சத்தமும் சேர்ந்தே என் வீட்டுக்கு வந்தன. நடுவில் யானை சட்டென்று நின்றது. உடனே தறியும் நின்றது.

"என்னாடி அங்க?"

"கதை முடிஞ்சிடுச்சும்மா. எழுந்து போயி தண்ணி குடிக்கச் சொல்லுது."

"அப்படியே எனக்கும் ஒரு சொம்பு கொண்டா" என்றார் அப்பா. தறி மறுபடி ஓடத் தொடங்கியது.